17-ஆம் கிணறும் ஆடி அமாவாசையும்

யாழ்ப்பாணம் வலிகாமத்தில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 29. நிலத்தடி நீர் பற்றிப் பட்டமேற்படிப்பு ஆய்வு செய்கிறார். 40 கிணறுகளில் மாதா மாதம் தண்ணீர் எடுத்துச் சோதிப்பது அவருடைய வேலை. வீடு சைவ வீடு. அப்பா இறந்து நாலு வருடமாகிறது. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் கீரிமலைக் கேணியில் முழுகித் தர்ப்பணம் கொடுக்கிறார். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம்.

ஆய்வுகூடத்தில் அவருக்கு மேலே இருக்கும் ஒருவர், நெற்றியில் திருநீற்றைக் கண்டால் எல்லோருக்கும் முன்னால் பகிடி பண்ணுகிறாராம். "சாமி கும்பிடுறவன் விஞ்ஞானி இல்லை, விஞ்ஞானப் பட்டம் வைச்சிருக்கிறவன்" என்பது அவருடைய வாக்கு. வீட்டில் அம்மாவுக்கு எதிர்ப்பக்கக் கவலை: "படிக்கப் படிக்க இவனுக்குப் பக்தி குறைஞ்சு போச்சு." இதற்கிடையில் ஊர்க் கோயில் கிணறும் அந்த 40-இல் ஒன்று, 17-ஆம் இலக்கம். அதில் நைத்திரேற்று லீற்றருக்கு 68 மில்லிகிராம். மூன்று மாதத்தில் இரண்டு மாதம் ஈ.கோலி பற்றீரியாவும் இருந்திருக்கிறது. கோயில் பரிபாலன சபைத் தலைவர் இவருடைய பெரியப்பா. "அந்த ஒரு கிணத்தை விட்டிட்டு மிச்சத்தை எழுதன்" என்கிறார் அவர். கூடவே, திருவிழா மலருக்குத் தீர்த்த மகிமையை விஞ்ஞானம் நிரூபிக்கிறது என்று ஒரு கட்டுரையும் கேட்டிருக்கிறார்.

கடிதத்தின் கடைசிப் பகுதி இது: "கீரிமலையில் முழுகும்போது, இது சுண்ணக்கல் வெடிப்பு வழியே வருகிற மழைத்தண்ணீர் என்று மனம் சொல்கிறது. முதல் வருடம் அழுதேன். இந்த முறை அழுகை வரவில்லை. கோயிலிலும் நடிக்கிறேன், ஆய்வுகூடத்திலும் நடிக்கிறேன். ஒன்றை விட்டுவிடுவதுதானே நேர்மை?"

தம்பி, அந்தக் கடைசி வரிகளில் இருந்தே தொடங்குகிறேன். நாலாவது வருடம் கண்ணீர் வராததற்குச் சுண்ணக்கல்லைப் பற்றிய உங்கள் படிப்புத்தான் காரணம் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உளவளத்துணைக்கு என்னிடம் வருகிறவர்களில் நிலத்தடி நீர் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களும் இதையே சொல்லிக் கலங்குகிறார்கள்: "இந்தமுறை திவசத்துக்குக் கண்ணீர் வரேல்லை, நான் அப்பாவை மறந்திட்டனோ?" மறக்கவில்லை. துக்கம் மெல்ல மெல்ல ஆறுகிறது. ஆறும்போது சிலருக்கு அதுவே குற்றமாகத் தெரியும். காரணம் தேடுவார்கள். உங்களுக்குக் கைக்கெட்டிய தூரத்தில் கிடைத்த காரணம் நீங்கள் படிக்கிற பாடம். ஒரு ஆய்வாளராக யோசித்துப் பாருங்கள்: நாலு வருடம் கடந்ததையும் கணக்கில் எடுக்காமல் ஒரே ஒரு காரணத்தில் பழியைப் போடுவீர்களா?

அதற்காக உங்கள் நம்பிக்கை அப்படியே அசையாமல் இருக்கிறது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். குறைந்துகொண்டும் வரலாம். படித்துக்கொண்டே கும்பிட்டவர்களும் உண்டு, படிக்கப் படிக்க விட்டவர்களும் உண்டு. இரண்டாவது வகையினரைக் கெட்டவர்கள் என்றோ கோழைகள் என்றோ நான் கண்டதில்லை. ஆனால் இந்த மாதமே முடிவு எடுக்க வேண்டும் என்று உங்களை யார் நெருக்குகிறார்கள்? நெருக்குகிற இருவரையும் பார்த்தேன்: ஒருவர் பகிடி பண்ணுகிறார், மற்றவர் ஒரு கிணற்றை மறைக்கச் சொல்கிறார். இந்த இருவருக்காகவும் உங்கள் மனதின் ஆழத்தில் இருக்கிற ஒன்றை அவசரப்பட்டு வெட்ட வேண்டியதில்லை.

"சாமி கும்பிடுறவன் விஞ்ஞானி இல்லை"

நான் இந்த வேலைக்கு வருவதற்கு முதல் பதினொரு வருடம் பௌதிகம் படிப்பித்தவள். அதனால் இந்த வசனத்தைக் கேட்டால் வாத்தியார்ப் புத்தி கிளம்பிவிடும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1979-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு மூன்று பேருக்குக் கிடைத்தது. மின்காந்த விசையும் மென்விசையும் அடிப்படையில் ஒன்றே என்று காட்டியதற்கான பரிசு அது. மூவரில் அப்துஸ் சலாம் தொழுகை தவறாத முஸ்லிம். பரிசு விருந்தில் குர்ஆன் வசனம் சொன்னவர். ஸ்டீவன் வைன்பெர்க் கடவுள் இல்லை என்று வெளிப்படையாகப் பேசியும் எழுதியும் வந்தவர். இருவரும் தனித்தனியே வேலை செய்து ஒரே சமன்பாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தச் சமன்பாட்டைப் பார்த்து எது தொழுகிறவர் எழுதியது, எது தொழாதவர் எழுதியது என்று உங்கள் பகிடிக்காரரால் பிரிக்க முடியுமா என்று கேளுங்கள். (சத்தமாகக் கேட்க வேண்டாம், மனதுக்குள் கேட்டால் போதும்.)

நமக்குப் பக்கத்திலேயே ஒருவர் இருந்தார். காரைதீவில் 1892-இல் பிறந்த மயில்வாகனன், லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தார், பிறகு மானிப்பாய் இந்துக் கல்லூரிக்கு அதிபரானார். 1924-இல் துறவியாகி விபுலாநந்தர் என்று பெயர் பெற்றார். காவி கட்டிய பிறகு அவர் கணக்கை மறந்துவிடவில்லை. 1947-இல் வெளிவந்த அவருடைய யாழ்நூல், பழைய யாழின் சுருதிகளை எண்களாலும் பின்னங்களாலும் கணித்துக் காட்டுகிற நூல். அந்த ஆய்வுக்கு அடிப்படையான சிலப்பதிகாரத்தில் பக்தியோ காதலோ எவ்வளவு இருந்தாலும், நரம்பின் நீளத்தைப் பக்தியால் கூட்டவோ குறைக்கவோ முடியாது என்று தெரிந்தவர் எழுதியது.

இன்னும் பழைய உதாரணம் வேண்டுமென்றால் வீட்டுச் சுவரில் தொங்குகிற பஞ்சாங்கத்தைப் பாருங்கள். 1825-இல் ஆங்கிலப் படையில் பணியாற்றிய ஜோன் வாரன் என்பவர், புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளை வைத்து அந்த வருடச் சந்திர கிரகணத்தைக் கணிப்பதைப் பார்த்துப் பதிவு செய்தார். அட்டவணை முழுவதும் வாக்கியங்களாக மனப்பாடம். கையில் ஏடு கூட இல்லை. கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். அந்த மனிதர் கிரகணம் விட்டதும் முழுகிவிட்டுக் கும்பிடத்தான் போயிருப்பார். கணக்கும் கும்பிடும் அவருக்கு ஒரே நாளின் இரண்டு வேலைகள்.

ஆனால் அந்த 52 நிமிடத்தையும் மறக்க வேண்டாம். அதைத் திருத்தியது பக்தி இல்லை, வானத்தை மறுபடி பார்த்து மறுபடி போட்ட கணக்கு. பழைய வாக்கியப் பஞ்சாங்கமா, திருத்திய கணக்கில் வரும் திருக்கணிதப் பஞ்சாங்கமா என்று யாழ்ப்பாணத்தில் இன்றும் சண்டை இருக்கிறது. எங்கள் வீட்டில் அப்பா வாக்கியம், அம்மா வீட்டார் திருக்கணிதம். இரண்டும் வேறு வேறு நேரம் சொல்வதால், சில வருடப் பிறப்புக்கு மருத்துநீர் (முழுகுவதற்கு முதல் தலையில் வைக்கும் மூலிகை நீர்) இரண்டு தரம் தலையில் ஏறும். இரண்டு பஞ்சாங்கக்காரரும் நல்லூர்க் கோயிலுக்குத்தான் போனார்கள்.

மதமும் விஞ்ஞானமும் வேறு வேறு தளம், மோதவே மோதாது என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அப்பாவை நினைத்து அந்தத் தண்ணீரில் முழுகுவதைச் சோதனைக் குழாய் ஒன்றும் செய்யாது. ஆனால் இந்தத் தண்ணீர் குடித்தால் நோய் வராது என்று ஒருவர் சொன்னால், அது சோதிக்கக்கூடிய கூற்று. அந்த இடத்தில் மோதல் வரும். உங்களுக்கு அது 17-ஆம் கிணற்றில் வந்திருக்கிறது.

பெரியப்பாவும் கிணறும்

உங்கள் கடிதத்தில் நாலு பக்கம் கடவுளைப் பற்றி, அரைப் பக்கம் கிணற்றைப் பற்றி. எனக்கோ அந்த அரைப் பக்கம்தான் அவசரமாகத் தெரிகிறது. நீங்கள் விஞ்ஞானியா இல்லையா என்பது திருநீற்றில் தெரியப் போவதில்லை. அந்த 68-ஐ என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் தெரியும்.

உங்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன், மற்ற வாசகர்களுக்காக. குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். 68 என்றதும் பெரியவர்கள் பதறத் தேவையில்லை. ஆபத்து புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தைகளுக்கு, அதிலும் ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்களுக்கு. இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகும் வலு குறைந்து உடல் நீலம் பாரிக்கும். இதில் நம் வீடுகளில் ஒரு தப்பு நினைப்பு: கொதிக்க வைத்தால் எல்லாம் போய்விடும் என்று. பற்றீரியா செத்துவிடும், உண்மை. நைத்திரேற்று போகாது, தண்ணீர் ஆவியாக ஆவியாக அதன் செறிவு கூடும். குளோரினும் அதற்கு மருந்தில்லை. ஈ.கோலி வேறு கதை. அது 100 மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது; இருந்தால் மனித மலமோ விலங்கு மலமோ எங்கோ கலக்கிறது என்று அர்த்தம். நம் நிலத்தின் சுண்ணக்கல் முழுவதும் வெடிப்பும் பொந்தும். மண் வடிகட்டித் தருவது போல அது வடிகட்டித் தராது.

அந்தக் கிணற்றில் இருந்துதான் திருவிழாவுக்குத் தாகசாந்தியும் அன்னதானச் சமையலும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே முடிவை மறைத்தால் பாதிக்கப்படப் போவது கோயிலுக்கு வருகிற சனம்தான், பெரியப்பாவின் பேரப்பிள்ளைகள் உட்பட.

உங்களுக்கு முன்னால் நான் மூன்று வழிகளைப் பார்க்கிறேன். முதலாவது, அவர் கேட்டபடி 17-ஐ விட்டுவிடுவது. இது தரவுகளைத் திரிப்பது. ஆய்வு ஒழுக்கப்படி பெரிய குற்றம். வெளியே தெரிந்தால் பட்டம் போகும். தெரியாவிட்டாலும் நீங்கள் இப்போது சொல்கிற அந்த நடிப்பு அன்றைக்குத்தான் உண்மையில் தொடங்கும். இரண்டாவது, நேரே பத்திரிகைக்கோ முகநூலுக்கோ போவது. சிலருக்கு அது வீரமாகத் தெரியும். கோயில் சபை உங்களை எதிரியாக்கும், கிணறு அப்படியே இருக்கும்.

மூன்றாவது வழி கொஞ்சம் பொறுமை கேட்கும். ஆய்வேட்டில் கிணறுகளுக்குக் கோயில் பெயரோ வீட்டுப் பெயரோ போட வேண்டியதில்லை, இலக்கம் போதும். 17 என்பது 17-ஆகவே இருக்கட்டும், 68 என்பது 68-ஆகவே இருக்கட்டும். பெரியப்பா பயப்படுவது கோயில் பெயர் கெடும் என்று. அதை இவ்வளவு தூரம் காப்பாற்றலாம். ஆனால் முடிவைக் கிணற்றுக்காரருக்கும், ஈ.கோலி இருப்பதால் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் (பி.எச்.ஐ.) கட்டாயம் தெரிவிக்க வேண்டும். முதலில் உங்கள் மேற்பார்வையாளரிடம் சொல்லி, எழுத்தில் ஒரு முடிவு வாங்குங்கள். இன்னொரு மாதிரியும் எடுங்கள், இந்த முறை சபையில் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு. "பெடியன் ஏதோ கலக்கிப் போட்டான்" என்ற கதைக்கு அப்போது இடம் இருக்காது.

பெரியப்பாவிடம் போகும்போது பிரச்சினையை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். தாகசாந்திக்கும் சமையலுக்கும் இந்தத் திருவிழாவுக்கு பவுசர் தண்ணீர். கிணற்றுக்கு பி.எச்.ஐ. மேற்பார்வையில் குளோரின். திருவிழாச் சனத்துக்கென்று கட்டிய மலசலகூடத்தின் குழி கிணற்றில் இருந்து எத்தனை அடி என்று அளந்து ஒரு படம். பிறகு, குடிக்கிற தண்ணீருக்கு ஆர்.ஓ. வடிகட்டி (நுண்ணிய சவ்வு வழியே தண்ணீரை வடிக்கும் கருவி), வெளிநாட்டில் இருக்கிற ஒரு உபயகாரர் போதும். அபிஷேகத்துக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீர் எடுப்பதை நீங்கள் கேள்வி கேட்கவே இல்லை என்று முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள். "தீர்த்தத்தைச் சோதிக்கிறது பாவம்" என்று அவர் சொன்னால், ஐயர் அபிஷேகத் தண்ணீரைத் துணியால் வடித்து எடுப்பதை ஞாபகப்படுத்தலாம். வடிக்கலாம் என்றால் பார்க்கவும் செய்யலாம்தானே.

மலருக்குக் கட்டுரை

அவர் கேட்ட தலைப்பில் எழுத வேண்டாம். விஞ்ஞானம் நிரூபித்தது என்று நம் பக்திக்குச் சான்றிதழ் தேடுகிற பழக்கம் இரண்டுக்கும் கேடு. திருநள்ளாறுக்கு மேலே நாசாவின் செய்மதி நின்றுவிடுகிறது என்றும், சிதம்பரம் பூமியின் காந்த மையத்தில் இருக்கிறது என்றும் வட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, இரண்டும் பொய். ஜெனீவாவில் சேர்ன் ஆய்வு மையத்தில் நடராசர் சிலை நிற்பது உண்மை. அது 2004-இல் இந்திய அரசு கொடுத்த அன்பளிப்பு. ஆனந்த தாண்டவத்தைத் துகள் மோதவிட்டு உறுதி செய்ததாக அதற்கு அர்த்தம் இல்லை.

இதில் எனக்குப் பிடித்த மனிதர் ஜோர்ஜ் லெமைத்ர். கத்தோலிக்கக் குருவானவர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இலேயே கணக்குப் போட்டுக் காட்டியவர். 1951-இல் பாப்பரசர் 12-ஆம் பயஸ், இந்தக் கோட்பாடு படைப்பை உறுதி செய்கிறது என்ற மாதிரி ஒரு உரை ஆற்றினார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய லெமைத்ர் சங்கடப்பட்டார். இன்றைக்குக் கோட்பாட்டில் கடவுளைக் கட்டி வைத்தால், நாளைக்குக் கோட்பாடு திருந்தும்போது கடவுளை எங்கே கொண்டுபோய் வைப்பது? செபம் பண்ணுகிற ஒருவருக்கே இந்தக் கேள்வி முதலில் உறைத்தது.

மலருக்கு எழுத உங்களிடம் வேறு நல்ல விஷயம் இருக்கிறது. வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு ஒன்று இல்லாத ஊர் நாங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, உவர்நீருக்கு மேலே மெல்லிய நன்னீர் வில்லையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் நிற்கும் என்பது கணக்கு. அதையே திருப்பிப் பார்த்தால், மேலே ஒரு முழம் அளவு கூட இறைத்துவிட்டால் கீழே எவ்வளவு உப்பு ஏறும் என்று தெரியும். அந்த நீரின் ஒரு பங்கு கடலோரத்தில் ஊற்றாக வெளியே வருகிற இடம்தான் கீரிமலை. நிலாவரைக் கிணற்றில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதந்தது என்று சின்ன வயதில் கேட்டிருப்பீர்கள். யோசித்தால் அது ஒரு ஆய்வு முறை. இன்றைக்கு எலுமிச்சம்பழத்துக்குப் பதிலாகச் சாயம் விடுகிறார்கள். போட்டவர் திகதியும் நேரமும் எழுதி வைக்காததுதான் குறை. இதை எழுதுங்கள். சனம் வாசிக்கும், கிணற்றைப் பற்றியும் யோசிக்கும்.

பகிடிக்கு என்ன செய்வது

நான் சட்டத்தரணி இல்லை. ஆனாலும் இலங்கை அரசியலமைப்பின் 10-ஆவது உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தை எல்லோருக்கும் தருகிறது. மத அடிப்படையில் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது 12(2). பகிடி பண்ணுகிறவருக்கும் நம்பாமல் இருக்க அதே 10-ஆவது உறுப்புரை உரிமை கொடுக்கிறது. அவருடைய கருத்தை மாற்றுவது உங்கள் வேலையில்லை. தனியே ஒரு தரம் சொல்லுங்கள்: "சேர், என்ரை முடிவுகளில் பிழை இருந்தால் காட்டுங்கோ, நெத்தியை விடுங்கோ." பகிடி பகிடியாகவே நின்றால் விட்டுவிடலாம். உங்கள் ஆய்வுக்கு ஒப்பம் தராமல் இழுப்பது, கருவி தராமல் விடுவது என்று போனால் திகதியோடு குறித்து வைத்துத் துறைத் தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள். அரச நிறுவனம் ஒன்றில் அடிப்படை உரிமை மீறல் நடந்தால் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்ய ஒரு மாதம்தான் அவகாசம். அந்த அளவுக்குப் போனால் சட்டத்தரணியைப் பார்க்கத் தாமதிக்காதீர்கள். போகாது என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பக்கம் நியாயம் இருக்கக்கூடும். திருநீற்றில் கல்சியமும் பொற்றாசியமும் உண்டு. நீர் மாதிரியில் கல்சியம் அளக்கிறவர் விரலில் தூளோடு போத்தலைத் திறந்தால் அளவு கெடும். நெற்றியில் இருக்கட்டும், கையைக் கழுவிவிட்டு உள்ளே போங்கள்.

அம்மாவைப் பற்றி நான் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பக்தி குறைந்துவிட்டது என்று அவர் சொல்வது, மகன் தன்னை விட்டுத் தூரப் போகிறான் என்ற பயமாக இருக்கலாம். அப்பா போன வீட்டில் அது வரும். ஒரு நாள் மாதிரி எடுக்கப் போகும்போது அவரையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போங்கள். போத்தலில் இலக்கம் எழுதுகிற வேலையை அவரிடம் கொடுங்கள்.

கொடியேற்றத்துக்கு இன்னும் ஐந்து கிழமை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மேற்பார்வையாளரிடம் இந்தக் கிழமையே கதையுங்கள். பி.எச்.ஐ.யிடம் தகவல் போவதற்கு முதல் நாள் பெரியப்பாவைப் பாருங்கள், அவர் அதை வேறு யாரிடமும் கேள்விப்படக் கூடாது. சபைக் கூட்டத்தில் வேண்டாம். காலைப் பூசை முடிந்து அவர் வீட்டு விறாந்தையில் தனியே இருக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள், குழி அளந்த படத்தோடு.